கணக்கு டீச்சரின் நாற்பது நிமிடம்

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி. ஒன்று இருபதுக்கு அடுத்த மணி. இதற்குள் வகுப்பிலிருந்து இறங்கி வந்து, கை கழுவி, டப்பாவைத் திறந்து, பக்கத்து டப்பாவிலும் ஒரு கை வைத்து, ஊர்க்கதை பேசி, மறுபடி படியேறிவிட எங்கள் எல்லோருக்கும் பழகியிருக்கிறது. கணக்கு டீச்சருக்கும் பழகித்தான் இருந்தது. இப்போது அவருக்கு நாற்பது நிமிடம் போதவில்லை. சாப்பிடுவது என்னவோ ஐந்தாறு கரண்டிதான்.

ஆசிரியர் அறையின் நீள மேசையில் ஜன்னலோரக் கோடி என்னுடைய இடம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. தமிழ் எடுக்கிறேன். ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் பாக்கி. அடுத்தவர் உடம்பைப் பற்றி வாய் திறந்து கேட்பதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டு. பார்க்காமல் இருக்க மட்டும் முடிவதில்லை.

கணக்கு டீச்சர் இப்போதெல்லாம் அடுக்கு டப்பா கொண்டுவருவதில்லை. மூடி போட்ட ஓர் எவர்சில்வர் கிண்ணம். மகனின் முதல் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. அடியில் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அந்தப் பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறான். கிண்ணத்தோடு சின்னதாக ஒரு கரண்டி. உள்ளே ஒரு பக்கம் சுறாப்புட்டோ வேகவைத்த முட்டையோ இருக்கும். நடுவில் குழைய வெந்த சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய். ஓரத்தில் தயிர் விட்டுப் பிசைந்த சோறு, ஒரு கரண்டிக்கு மேல் இருக்காது. முதலில் புரதம், அப்புறம் காய், வயிற்றில் இடமிருந்தால் சோறு. ஒரு வாய் எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். கையில் வைத்திருந்தால் அடுத்த வாய் தானாக ஏறிவிடுமாம். மெல்லுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். மறுபடி மெல்லுவார். வாயில் இருப்பது கூழான பிறகுதான் விழுங்குவது.

சுறாப்புட்டு எங்கள் கடலோரத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுப்பது. மல்லிப்பட்டினத்துச் சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, கையால் உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு புரட்டி எடுப்பார்கள். முள் கிடையாது, பல்லுக்கும் அதிக வேலை இல்லை. எடை குறைக்கச் செய்துகொண்ட அறுவைக்குப் பிறகு தண்ணீர், மோர், வடித்த பருப்புத் தண்ணீர் என்று சில வாரம், மிக்ஸியில் அடித்த கூழாகச் சில வாரம் என்று ஓட்டி, கெட்டியான சாப்பாட்டுக்கு அவர் திரும்பியபோது வயிறு முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொண்டது இதைத்தான். கோழிக்கறி பக்கம் போக இன்னும் பல மாதம் ஆயிற்று.

2024 மே மாதம் நடந்த அறுவை அது. அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 19-ல், மக்களவைத் தேர்தல். அவருக்கு வாக்குச்சாவடிப் பணி. முதல் நாளே போய், ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையின் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கூட இருந்த இரண்டு பெண் அலுவலர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அப்போது அவர் எடை 118 கிலோ. “தூக்கி விட்டவங்க ஒரு வார்த்தை சொல்லலைக்கா. அதுதான்…” என்று ஒரு நாள் என்னிடம் ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மருத்துவமனையில் பரிசோதனையெல்லாம் அதற்கு முன்பே முடிந்து, நாளும் குறித்தாகிவிட்டிருந்தது. அதே ஏப்ரலில்தான், எடைக்குறைப்பு அறுவைக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோன செய்தி பத்திரிகைகளில் வந்தது. மாமியார் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துவந்து முன்னால் வைத்தாராம். இவர் அதை முழுவதும் படித்துவிட்டுத்தான் அறுவைக்குப் போனார்.

அந்த ஆண்டு கோடை வெயிலில் பள்ளி திறப்பு ஜூன் 10 வரை தள்ளிப் போனது. அவருக்கு அது வசதியாக அமைந்தது. என்ன அறுவை என்று அவர் சொல்லவில்லை. “பித்தப்பைக் கல்லா?” என்று ஆளுக்கொரு ஊகம் ஓடியது. இரண்டாவது வாரம், சாப்பாட்டு வேளையில், அவரே சாக்பீஸ் எடுத்து ஆசிரியர் அறைக் கரும்பலகையில் படம் போட்டார். பத்தாம் வகுப்புக்கு அளவியல் நடத்துகிறவர் அல்லவா, கொள்ளளவில் ஆரம்பித்தார். “சாதாரணமா இரைப்பை ஒரு லிட்டர், அதுக்கு மேலயும் விரியும். இந்த வளைஞ்ச பக்கமா முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க. மீதியை நீளவாக்குல குழாய் மாதிரி ஸ்டேப்ளர் போட்டு மூடியாச்சு. இப்ப நூறு, நூத்தம்பது மில்லிதான். ஸ்லீவ்னு சொல்றது இதைத்தான்.” துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரும் டப்பாவில் கை வைக்கவில்லை.

மேற்கொண்டு சொன்னது விலங்கியல் டீச்சர். வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் அதிகமாகச் சுரக்கும். 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்துச் சொன்ன ஹார்மோன் அது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் அதன் அளவு ஏறும். பசி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். இழந்த எடையை மீட்காமல் உடம்பு ஓயாது. இந்த அறுவைக்குப் பிறகு கிரெலின் இறங்கிவிடுவதாலும்தான் கொஞ்சம் சாப்பிட்டும் தாக்குப்பிடிக்க முடிகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் அடுத்த வாரம் சொன்னார்: “வாயைக் கட்ட முடியாதவங்க வயித்தை வெட்டிக்கிறாங்க.” கணக்கு டீச்சர் வகுப்புக்குப் போயிருந்த நேரம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் கொள்ளுத் தண்ணீர் குடித்து வந்த வருடத்தைப் பார்த்திருக்கிறேன். சோற்றையே தொடாமல் பேலியோ என்று இருந்த வருடத்தைப் பார்த்திருக்கிறேன். தென்னந்தோப்புச் சாலையில் விடியும் முன்னே நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பத்து கிலோ குறையும், பதினைந்து ஏறும். வாயைக் கட்டுவதில் அவரை மிஞ்சியவர்கள் எங்கள் அறையில் யாரும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். நூற்றில் நாற்பது பேருக்கும் நாக்கு அடங்கவில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. குறுக்குவழி என்று இதைச் சொல்கிறவர்கள் ஒரு வாரம் அந்தக் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் வரைக்கும் கூடாது. மடமடவென்று குடிக்கவும் முடியாது. ஆனால் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் கடுக்கும். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டிருப்பார்: முதல் பீரியடுக்கு இதுவரை, இரண்டாவதுக்கு இதுவரை. பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, பிள்ளைகள் நோட்டில் இறக்கும் நேரத்தில் இரண்டு மடக்கு.

இதில் என்ன சிரமம் என்று ஆண்களுக்குத் தோன்றலாம். அரசுப் பள்ளி ஆசிரியைகளைக் கேட்டால் தெரியும். நாங்கள் தண்ணீர் குடிக்காதவர்கள். காலையில் வீட்டில் ஒரு காபி, மதியம் அரை டம்ளர், சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் மீதி. காரணம் கழிப்பறை. எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் கழிப்பறைக்கு அப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டும். குழாயில் பதினோரு மணிக்கு மேல் காற்றுதான் வரும். நீர்க்கடுப்புக்கு மாத்திரை போடாதவர்கள் எங்களில் குறைவு. வருடக்கணக்கில் இதை ஒரு குறையாகக்கூட நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கணக்கு டீச்சருக்கு அந்தச் சலுகை இல்லாமல் போயிற்று. குடித்தே ஆக வேண்டும், போயே ஆக வேண்டும். ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றார். குரல் அப்போது மெலிந்துதான் இருந்தது. ஒரு வேளைக்கு இவ்வளவு தண்ணீர், இத்தனை ஆசிரியைகள், தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு என்று கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டுவந்து படித்தார். தலைமையாசிரியர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆகஸ்டில் தாழ்ப்பாள் வந்தது, குழாய்க்குத் தனி இணைப்பு வந்தது. இப்போது என் மேசையிலும் ஒரு பாட்டில் இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை நேரில் பார்த்தேன். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்த நாள். சாப்பாட்டு நேரம் கால் மணியாகச் சுருங்கியது. அன்று கிண்ணத்தில் குருமாவில் ஊறிய அரைச் சப்பாத்தி. மூன்றாவது வாயை மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். கை அப்படியே நின்றது. விரல்கள் மார்புக்குழியில் போய் அழுந்தின. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. எதுவும் சொல்லாமல் எழுந்து வேப்பமரத்தடிக் குழாய்க்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உணவு கீழே இறங்காமல் நுரையாகத் திரும்ப வந்தது. குழாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கையில் சாய்த்து, நின்றார். முகம் கழுவி, முந்தானையால் துடைத்து, உள்ளே வந்து கிண்ணத்தை மூடினார். மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை.

மாத்திரைகளுக்கு ஒரு தனி டப்பா. இரும்புச்சத்தும் கால்சியமும் ஒரே நேரத்தில் போட்டால் கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பி12, வைட்டமின் டி, மல்டிவைட்டமின். இது ஒரு கோர்ஸ் முடிந்து நிறுத்துகிற மருந்தல்ல, ஆயுசுக்கும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று முகத்தில் வந்த வெளிச்சத்தை எடை குறைந்த எந்த நாளிலும் நான் பார்க்கவில்லை.

செப்டம்பரில் முடி கொட்டத் தொடங்கியது. வேகமாக எடை இறங்கினால் மூன்று நான்கு மாதத்தில் இப்படிக் கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னது காதுக்குத் தெரியும், சீப்புக்குத் தெரியுமா? இரட்டைச் சரமாக மல்லிகை வைத்துக்கொண்டு வந்தவர் ஒரு விரல்கிடைப் பூவுக்கு இறங்கினார். அதுவும் பின்னலில் நிற்காமல் ஊசியிலிருந்து நழுவி நாற்காலியில் விழும். பின் வரிசைப் பெண் ஒருத்தி அதை எடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். பொங்கல் கழிந்து வந்தபோது அவர் நெற்றியோரம் முழுவதும் குட்டி குட்டியாகப் புது முடி குத்திட்டு நின்றது. எண்ணெய் வைத்தும் படியவில்லை.

ரவிக்கைகளின் கதை வேறு. நம் ஊர்த் தையல்காரர்கள் பின்னால் பிரித்துவிடலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். இவருக்கு அதே துணியைப் பிடித்துப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. மாதத்துக்கு ஒரு தையல் உள்ளே போனது. மோதிரத்தில் நூல் சுற்றினார். எடை போன இடத்தில் தோல் தொங்கியது. பலகையில் எழுதக் கை தூக்கினால் மேல்கைச் சதை ஆடும். முழங்கை வரை கை வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டார். மார்கழியில் எங்களுக்கெல்லாம் இதமான காற்று அவருக்குக் குளிர். மர நாற்காலியில் எலும்பு குத்துகிறது என்று துண்டு மடித்துப் போட்டு உட்கார்ந்தார். மாணவிகள் வைத்திருந்த பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதைக் காதால் கேட்டபடியேதான் பல வருடம் அந்த வராந்தாவில் நடந்திருக்கிறார். இப்போது அந்தப் பெயர் பொருந்தவில்லை, அவர்களும் விட்டுவிட்டார்கள். புதிதாக ஒன்று வைத்திருப்பார்கள். இன்னும் என் காதுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மதியம் சாப்பிட்டேன். எல்லோரும் எழுந்த பிறகு அவர் மேசையை ஒழுங்கு செய்தார். மகன் தட்டில் அரைத் தோசையும் கறித்துண்டும். சட்டியின் அடியில் ஒரு கரண்டிக் குழம்பு. மாமனார் வேண்டாமென்று வைத்த அப்பளம். கை அந்தத் தோசையை எடுத்தது, வாய்ப் பக்கம் வந்தது, நின்றது. எத்தனை வருடப் பழக்கம் அது! அந்த வீட்டில் எதுவும் வீணாகாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய வயிறு. பிள்ளை வைத்தது, கணவர் வைத்தது, நேற்று மிஞ்சியது, எல்லாம் கடைசியில் உட்காருகிற இவர் தட்டுக்குத்தான் வரும். என் வீட்டிலும் அப்படித்தான், என் அம்மா வீட்டிலும் அப்படித்தான். இப்போது அந்த வயிறு மறுத்துவிட்டதால் முதல் முறையாக மிச்சம் என்று ஒன்று அந்த வீட்டின் கண்ணுக்குத் தெரிகிறது. “கம்மியா ஆக்கேன்ம்மா” என்று மாமியார் உள்ளேயிருந்து சொன்னார். “நீங்க வேணும்கிறதை முன்னாடியே சொல்லுங்க அத்தை, அளந்து ஆக்குறேன்” என்றார் இவர், குரலை உயர்த்தாமல். தோசை வாசலில் மாட்டுக்குப் போனது.

கல்யாணப் பந்திகளை அவர் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். என் பக்கத்து இலையில் உட்காருவார். பரிமாறுகிறவர் வந்ததும் இலையின் மேல் கையை விரித்து, “ஒரு துளி” என்பார். அதையும் மீறி விழுவதில் கை படுவதற்கு முன்னாலேயே என் இலைக்குத் தள்ளிவிடுவார். உபசரிக்கிறவர் முகம் வாடும் என்று தெரிந்து, பந்திக்கு முன்பே போய்ப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வருவார். “இளைச்சிட்டீங்களே, சுகரா?” என்று கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை.

வெளியில் தெரியாத ஒன்றும் இருந்தது. நவம்பரில் எடை இறங்காமல் வாரக்கணக்கில் நின்றுவிட்ட சமயம். தேர்வுத்தாள் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு திருத்தாமல் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் தாள் திருத்தும்போது பக்கத்தில் முறுக்கோ மிக்சரோ இருக்கும். பத்துத் தாளுக்கு ஒரு கை. “பசி இல்லாம இருந்தா நிம்மதின்னு நினைச்சேன்க்கா. இருக்கு, இல்லேங்கல. ஆனா சாயங்காலம் நாலு மணி ஆனா எதுக்காகவோ காத்திருந்த மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அது இல்ல.” இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? தாள்களில் பாதியை என் பக்கம் இழுத்து மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக் கொடுத்தேன். பிற்பாடு அந்த நாலு மணியை மைதானத்தில் கழிக்க ஆரம்பித்தார். கோ-கோ ஆடும் பெண்கள் உள்ளே ஓட, இவர் ஓரமாகச் சுற்றி நடப்பார்.

மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தது. காலை பத்து முதல் ஒன்றேகால் வரை அறைக் கண்காணிப்பு, பெரும்பாலும் நின்றபடி. முந்தின வருடம் மாத்திரை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு முடித்தவர். இந்த முறை தண்ணீர் பாட்டிலுக்கு முதன்மைக் கண்காணிப்பாளரிடம் முதல் நாளே அனுமதி வாங்கிவிட்டார். மூன்றேகால் மணி நேரமும் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். எடை அப்போது 85-க்குக் கீழே வந்திருந்தது.

2025 ஜூனில் புது ஆண்டுக்கான கால அட்டவணை போட உட்கார்ந்தோம். அதைப் போடுவது எப்போதும் கணக்கு டீச்சர்தான். பெரிய தாளில் பென்சிலால் கட்டம் கட்டிக்கொண்டே தலைமையாசிரியரிடம் சொன்னார்: “எனக்கு நாலாவது பீரியட் வகுப்பு வேண்டாம் சார். எட்டாவது எடுத்துக்கிறேன், எத்தனை நாள் வேணும்னாலும். சாப்பாட்டுக்கு முன்னாடி இருபது நிமிஷம் எனக்கு வேணும்.” கேட்ட விதத்தில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. தலைமையாசிரியர் சரி என்றார். உடனே வேதியியல் டீச்சர் வாய் திறந்தார். பன்னிரண்டு மணிக்கே சர்க்கரை இறங்கிக் கை நடுங்குகிறது, இத்தனை வருடமாகச் சொல்லவில்லை, எனக்கும் வாரத்தில் மூன்று நாளாவது நாலாவது பீரியடை மாற்ற முடியுமா என்றார். “அஞ்சு நாளும் மாத்தலாம், கொஞ்சம் இருங்க” என்று ரப்பரை எடுத்தார் இவர். வேதியியலை அழித்து ஆறாவதுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த விளையாட்டு வகுப்பை நாலாவதுக்கு நகர்த்தினார். “நாலாவது பீரியட் வெயில்ல எந்தப் புள்ளை டீச்சர் ஓடும்?” என்று பி.டி. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.